மூலை ராக்கை, மூலை மேசை, மூலை வாங்கு: முதன்முதலாக வாளெடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் தச்சன் அல்லன். மாங்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். என் மாமா ஒருவர் நல்ல தச்சர். அவருடைய பட்டறையில் மரத்தூள் கூட்டியே பாதித் தொழிலைக் கற்றேன். நான் முதலில் செய்த மூலை ராக்கை கணக்கில் பிழையற்றது. மூலைமட்டம் வைத்துச் சரியாக 90 பாகைக்கு வெட்டினேன். சுவரில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அரை அங்குலம் வாய் பிளந்து நின்றது. "பல்லி குடிவரட்டும் என்று விட்டிருக்கிறீரோ?" என்று மாமி கேட்டார். ஒரு கிழமையில் பல்லியும் வந்தது. அதன் பிறகு அயலவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதன்முதலில் எதைச் செய்வது? ராக்கையா, மேசையா, வாங்கா?

ராக்கை. அதுவும் சுவரில் பொருத்தும் மூன்று தட்டு அல்லது நான்கு தட்டு முக்கோண ராக்கை. அதற்குக் கால் இல்லை, பொளி இல்லை, பூட்டு இல்லை. பலகையை வெட்டி, சுவரில் ரீப்பை (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, மேலே வைத்தால் முடிந்தது. பிழைத்தாலும் ஒரு துண்டுப் பலகைதான் நட்டம். அலுமாரியில் தொடங்கப் போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பலகைகள் கோழிக்கூட்டில் இருக்கும்.

என் வீட்டு மூலை நேர்மூலைதானா என்று எப்படி அறிவது?

நேர்மூலையாக இராது என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பின் இங்கே எழுந்த வீடுகளில் பல, பகுதி பகுதியாகக் கிடைத்த காசில் அவசரம் அவசரமாகக் கட்டி முடித்தவை. மேசன் மேல் குற்றமில்லை. நேர்மூலையில் கட்டிய சுவரும் பூச்சுப் பூசும்போது கூடிக் குறையும்.

அளக்கும் வழி இது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 சென்ரிமீற்றரிலும் மற்றச் சுவரில் 80 சென்ரிமீற்றரிலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் அளவுநாடாவைப் பிடியுங்கள். சரியாக 100 இருந்தால் நேர்மூலை. 102 இருந்தால் மூலை ஏறக்குறைய இரண்டரைப் பாகை விரிந்திருக்கிறது. இரண்டரைப் பாகைதானே என்று விட்டுவிட முடியாது. 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள தட்டின் நுனியில் அது ஒன்றேகால் சென்ரிமீற்றர் இடைவெளியாக நிற்கும். என் பல்லி வந்த வழி அதுதான்.

இன்னொன்று: தரையருகில் அளந்ததை வைத்து மேல்தட்டை வெட்டாதீர்கள். எந்த உயரத்தில் தட்டு வருகிறதோ அந்த உயரத்தில் அளக்க வேண்டும். ஒரே மூலை இடுப்பளவில் ஒரு கோணமும் தலையளவில் வேறு கோணமும் காட்டும்.

மூலை கோணல் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

சுவரைத் திருத்தப் போகாதீர்கள், பலகையைத்தான் திருத்த வேண்டும். காட்போட் மட்டை ஒன்றை எடுத்து ஏறத்தாழ முக்கோணமாக வெட்டுங்கள். தட்டு வரவேண்டிய உயரத்தில் மூலைக்குள் தள்ளிப் பிடியுங்கள். எங்கே இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு சிறிய மரத்துண்டைச் சுவரோடு அணைத்து, அதன் மறுபக்கத்தில் பென்சிலை வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாக இழுத்து வாருங்கள். சுவரின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே மட்டையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் கத்தரித்து மீண்டும் வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறையில் பொருந்தாவிட்டால் மூன்றாம் முறையில் பொருந்தும். மட்டைக்குக் காசில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் தனி மட்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, எது மேற்பக்கம் என்றும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டு, மட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு சுவருக்கு வரைந்த விளிம்பு மற்றச் சுவருக்குப் போய்விடும்.

தட்டின் உள்மூலையை, அதாவது சுவர்கள் சந்திக்கும் இடத்துக்குப் போகும் கூர் முனையை, அரை அங்குலம் வெட்டி எடுத்துவிடுங்கள். சுவர் மூலையில் சீமெந்து எப்போதும் சற்றுத் திரண்டு நிற்கும். அந்தத் திரட்சி தட்டை முன்னே தள்ளும். வெட்டி எடுத்த ஓட்டை வழியாக மின்விளக்கின் வயரும் போகலாம்.

எவ்வளவு பலகை வேண்டும்?

இது பலரும் ஏமாறும் இடம், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு சுவரோரமும் 12 அங்குலம் வரும் முக்கோணத் தட்டு என்று வைப்போம். 12 அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு தட்டு வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒட்டுப்பலகையில் அது சரி. மரப்பலகையில் அப்படி வெட்டினால் மரத்தின் இழை ஒரு சுவருக்கு இணையாக ஓடும். அப்போது இரண்டு நுனிகளில் ஒன்று வலுவாக இருக்கும். மற்ற நுனியில் இழை குறுக்காக ஓடி, கை பட்டாலே பிஸ்கட் போல முறியும்.

இழை, அறையைப் பார்க்கும் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். அப்படி வெட்டினால் முன்விளிம்பு 17 அங்குலம், முன்விளிம்பிலிருந்து உள்மூலை வரை எட்டரை அங்குலம். ஆகவே 9 அங்குல அகலப் பலகையே போதும். முக்கோணங்களை ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் மாறிமாறி வரைந்தால் கழிவு குறையும். முதல் தட்டுக்கு 17 அங்குல நீளம் போகும், அதன் பின் ஒவ்வொரு தட்டுக்கும் எட்டரை அங்குலம். நான்கு தட்டுக்கு 42½ அங்குலம். வாள் தின்னும் இடத்தையும் சேர்த்து 4 அடிப் பலகை ஒன்றில் நான்கு தட்டு எடுக்கலாம். முக்கால் அங்குலத் தடிப்புப் போதும். மரக்காலையில் "நான்கு அடி, ஒன்பது அங்குலம், சீவிய பின் முக்கால்" என்று சொல்லுங்கள். "சீவிய பின்" என்ற சொல்லை விட்டுவிட்டால், சீவியதும் பலகை மெலிந்து போகும்.

இரண்டு கூர் நுனிகளையும் ஒரு அங்குலம் மழுக்கிவிடுங்கள். பார்வைக்கும் அழகு, ஓடித் திரியும் பிள்ளையின் நெற்றிக்கும் நல்லது.

எந்த மரம்? பாலை, முதிரை எல்லாம் நம்மூரில்தானே இருக்கின்றன?

இருக்கின்றன. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வந்தால் புளியங்குளம், மாங்குளம் என்று ஊர்களே மரங்களின் பெயரில்தான் நிற்கின்றன; புதுக்குடியிருப்புப் பக்கம் இரணைப்பாலை இருக்கிறது. ஆனால் பாலை தொடக்கக்காரருக்கு ஏற்ற மரம் அன்று. தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது, ஆணி வளையும், வாள் மழுங்கும், நீங்களும் களைப்பீர்கள். முதிரை அழகோ அழகு. ஆனால் விலையும் அழகாக இருக்கும், எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

தேக்கு கைக்கு இணங்கும். இழை நேர், வாள் வழுக்கிப் போகும், கறையானும் எளிதில் அண்டாது. மகோகனியும் நல்லது. வேம்பு மலிவு, பூச்சிக்குக் கசப்பு. ஆனால் இழை முன்னும் பின்னுமாக ஓடுவதால் சீவுளி பிடுங்கும், ஈரத்தோடு அரிந்தால் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த வேம்பு கிடைத்தால் நான் தயங்காமல் வாங்குவேன். பனை தட்டுக்கு வேண்டாம். சிம்பு கையில் ஏறும். தட்டைத் தாங்கும் ரீப்பைக்கு முற்றிய பனையின் வெளிவைரம் போல இன்னொன்று இல்லை.

எந்த மரமானாலும் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கடினமான பகுதியைப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் வெளிறிய பகுதி அதிகம் இருந்தால், உளுக்கும் பூச்சி அங்கேதான் முதலில் குடியேறும்.

வீட்டு வளவில் நிற்கும் மரத்தை வெட்டிச் செய்யலாமா?

பலா, பெண்பனை போன்றவை உங்கள் காணியில் நின்றாலும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். மரத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். காட்டு மரம் என்ற பேச்சே வேண்டாம். ஒரு ராக்கைக்காக நீதிமன்றப் படி ஏறுவது தகாது.

பழைய மரத்தில் செய்தால் காசு மிச்சமாகுமே?

ஆகும், நான் செய்ததில் பாதி பழைய மரம்தான். உடைந்த கதவு, கழற்றிய நிலை, தற்காலிகக் கொட்டிலின் சட்டங்கள் எல்லாம் பல வருடம் காய்ந்தவை. இனி அதிகம் வளையாது, சுருங்காது. ஆனால் எங்கள் வன்னிப் பகுதி மரங்களுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. போர் முடிந்த 2009 வரை இந்த மண்ணில் விழுந்தவை நிலத்தில் மட்டும் விழவில்லை. மரங்களுக்குள் செல் துண்டுகளும் ரவைகளும் இருக்கின்றன. மேலே பட்டை மூடி வளர்ந்துவிட்டது. இரும்பு உள்ளே அப்படியே கிடக்கிறது. இங்கத்தைய மரம் என்றால் அரிவதற்கு முகம் சுளிக்கும் மரக்காலைக்காரர் இருக்கிறார்கள். ஒரு துண்டு இரும்பு பட்டால் வாளின் பற்கள் போய்விடும்.

ஆகவே வாளோ சீவுளியோ வைப்பதற்கு முன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பலகை முழுதும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேற்பரப்புக்கு அருகில் உள்ளதை அது காட்டிவிடும். ஆழத்தில் இருப்பதையும் ஈயம், பித்தளையையும் காட்டாது. மரத்தில் காரணமில்லாமல் கருநீலக் கறை படர்ந்திருந்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். சிதறல் துண்டு போலன்றி முழு ரவையாகவோ வேறு வெடிபொருளாகவோ தெரிந்தால் தோண்டி எடுக்க முயலாதீர்கள். அப்படியே விட்டுவிட்டுப் பொலிசாருக்குச் சொல்லுங்கள். விறகு மரம் பொறுக்கப் போகும் இடத்தில் கண்ணிவெடிப் பலகை இருக்கிறதா என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பழைய மர அடுக்கில் கையை விடும் முன் தடியால் தட்டுங்கள். தேளுக்கும் அந்த இடம் பிடிக்கும்.

ரயில் பாதையின் பழைய சிலிப்பர் கட்டை ஒன்று வளவில் கிடக்கிறது. நல்ல தடிப்பு. மேசைக்குக் காலாக வைக்கலாமா?

வேண்டாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பிறகு அந்தக் கட்டைகள் பங்கருக்கும் மதிலுக்கும் போன கதை எல்லோருக்கும் தெரியும். உக்காமல் இருக்க அவற்றில் பலவற்றுக்குத் தார் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் வைத்தால் வெயில் நேரத்தில் மணக்கும், தோலில் பட்டால் எரியும், அறுக்கும் தூளைச் சுவாசிப்பது அதைவிடக் கேடு. எரிக்கவும் வேண்டாம்.

பெட்டி அடுக்கும் பலட் மரம்?

முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு வரும் பலட்டில் கோதுமைக் கதிர் போன்ற படத்துக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் வாயு அடித்தது, வீட்டுக்குள் எடுக்காதீர்கள். எண்ணெயோ பூச்சிமருந்தோ கொட்டிய கறை இருந்தால் முத்திரை எதுவானாலும் வேண்டாம்.

ஈர மரத்தை வாங்கிவிட்டேன். எவ்வளவு நாள் காய வேண்டும்?

ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. வெயிலில் போடாதீர்கள், முறுகிவிடும். நிழலில், இடையிடையே ரீப்பைத் துண்டுகள் கொடுத்து, காற்று ஊடாடும்படி அடுக்குங்கள். வெட்டுமுகங்களில் பழைய பெயின்ட் பூசினால் வெடிப்புக் குறையும். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டைக் கடைத் தராசில் கிழமைக்கொரு முறை நிறுத்துப் பாருங்கள். நிறை இறங்குவது நின்றால் காய்ந்தது.

முடிந்தால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் செய்யுங்கள். அப்போது செய்த தட்டு மாரியில் சற்றுப் பருக்கும். மரம் நீளவாட்டில் அசைவதில்லை, அகலவாட்டில்தான் அசையும். சுவரோடு இறுக்கித் தள்ளாமல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடம் விடுங்கள்.

என்னென்ன ஆயுதம் வேண்டும்? மின்வாள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கைவாள், அளவுநாடா, மூலைமட்டம், சுத்தியல், ஸ்குரூ ட்ரைவர், பென்சில், சாண்ட் பேப்பர். சீவுளியை அயலில் இரவல் வாங்குங்கள், ஆனால் தீட்டித் திருப்பிக் கொடுங்கள். ட்ரில் ஒன்று மட்டும் சுவருக்குத் தேவை.

வாள் பிடிக்கும்போது கோட்டின் மேல் அறுக்காதீர்கள். கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கமாக அறுத்து, மிச்சத்தைச் சீவுளியால் கோடு வரை கொண்டுவாருங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பு பின்னோக்கி. தடம் விழுந்த பிறகு முன்னோக்கித் தள்ளலாம். வாளை அமத்தத் தேவையில்லை. அமத்தினால்தான் அது வழி தவறும்.

சுவரில் எப்படிப் பொருத்துவது?

ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு ரீப்பை. ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம், நீளம் 10 அங்குலம். தட்டைவிட இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தால் முன்னாலிருந்து தெரியாது. சீமெந்துக் கல் சுவரில் துளையிட்டு, றோல் பிளக் (ஆணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) வைத்து, இரண்டரை அங்குல ஸ்குரூ ஆணி முடுக்குங்கள். கணக்கு இதுதான்: ரீப்பை ஒரு அங்குலம், பூச்சு ஏறத்தாழ அரை அங்குலம், கல்லுக்குள் குறைந்தது ஒரு அங்குலம். பூச்சை மட்டும் பிடித்து நிற்கும் ஆணி புத்தகச் சுமையோடு ஒருநாள் இரவில் இறங்கும். அந்தச் சத்தத்துக்கு நாய் மட்டுமல்ல, அயலும் எழும்பும்.

முதல் ரீப்பையை நீர்மட்டம் பார்த்து அடியுங்கள். நீர்மட்டம் இல்லையென்றால், பக்கங்கள் நேரான போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு மூடிப் படுக்க வையுங்கள். தண்ணீரின் கோடு போத்தலின் பக்கத்துக்கு இணையாக நின்றால் சரி. தட்டுகளுக்கிடையே 35 சென்ரிமீற்றர் விட்டால் ஏ4 கோப்புகள் நிமிர்ந்து நிற்கும்.

வைரமான மரத்தில் ஸ்குரூ ஆணிக்கு முதலில் சிறு துளை போடுங்கள். ஆணியின் புரியில் சவர்க்காரம் தேய்த்தால் சிரமமில்லாமல் இறங்கும். மண்சுவர் வீட்டில் சுவர் ராக்கை வேண்டாம். கால் வைத்த மேசை செய்யுங்கள்.

கணவர் இல்லை, பிள்ளைகள் சிறியவர்கள். தச்சர் நாளைக்கு வருகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறார். நான் தனியாகச் செய்ய முடியுமா, தம்பி?

முடியும், அக்கா. இதில் பலம் வேண்டிய வேலை எதுவும் இல்லை. பலகையை மரக்காலையிலேயே 9 அங்குலத்துக்குச் சீவி வாங்கிவிடுங்கள். முக்கோண வெட்டுகள் குட்டையானவை. இரண்டாவது ஆள் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: ரீப்பையைச் சுவரில் பிடித்துக்கொண்டு துளையிடுவது. அதற்கும் வழி இருக்கிறது. கோட்டுக்குக் கீழே சுவரில் இரண்டு சிறு ஆணிகளை அரைகுறையாக அடித்து, ரீப்பையை அவற்றின் மேல் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பிடுங்கலாம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அக்கா இப்படித் தொடங்கி இப்போது பக்கத்து வீடுகளுக்கும் செய்து கொடுக்கிறார். தச்சர் இன்னும் வரவில்லை.

மூலை மேசைக்கு மூன்று கால் போதுமா?

போதும், அதுதான் நல்லது. நான்கு கால் மேசை மேடுபள்ளமான தரையில் ஆடும், நீங்கள் மட்டை மடித்து வைத்துக்கொண்டே இருப்பீர்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. கால்களை முக்கோணத்தின் மூன்று கூரிலும், ஓரத்தோடு ஒட்டி வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் விளிம்பில் கை ஊன்றும்போது குடைசாயும். தொலைக்காட்சி வைப்பதென்றால் பின்கால் மேற்புறத்தைச் சுவரோடு ஒரு ஆணியால் பிணைத்துவிடுங்கள்.

மூலை வாங்கு?

மூலை வாங்கு என்று தனியாக ஒன்றைச் செய்யாதீர்கள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு நேர் வாங்கு செய்து மூலையில் சேர்த்துப் போடுங்கள். கோணத் தொல்லையே இல்லை. செத்தவீடு, கலியாணவீடு என்றால் பிரித்து முற்றத்துக்கும் கொண்டுபோகலாம். இருக்கை உயரம் 17 அங்குலம், அகலம் 15.

சாமிப் படத்துக்கு ஈசான மூலையில் தட்டு அடிக்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

விளக்கு. மேலே இன்னொரு தட்டு வைக்காதீர்கள். விளக்கின் கீழே பித்தளைத் தட்டம் வையுங்கள், எண்ணெய் ஊறிய மரம் திரி போலப் பற்றும்.

கறையான்?

வன்னியில் கறையானை வென்றவர் இல்லை, தள்ளி வைக்கலாம். தரையில் நிற்கும் காலுக்கு அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் விரல் நுழையும் இடம் விட்டு வைத்தால் கறையான் போடும் மண்கோடு கண்ணில் படும். வெங்காரமும் போரிக் தூளும் சுடுநீரில் கரைத்துப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வார்னிஷ் அடிக்கலாம். கழிவு ஒயில் வேலித் தூணுக்கு, வீட்டுக்குள் வேண்டாம்.

மெருகுக்கு வார்னிஷா, எண்ணெயா?

புத்தகம் வைப்பதென்றால் வார்னிஷ், இரண்டு பூச்சு, இடையில் மெல்லிய சாண்ட் பேப்பர். தேக்குக்கு எனக்கு லின்சீட் எண்ணெய்தான் பிடிக்கும். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பின் எறியுங்கள்.

துண்டுகள் மிஞ்சிவிட்டன. என்ன செய்யலாம்?

4 அடிப் பலகையின் இரு முனைகளிலும் சிறு முக்கோணங்கள் மிஞ்சும். கதவுக்கு ஆப்பு வெட்டலாம். பழைய கதவில் எஞ்சிய பலகை ஒன்று முழங்கை நீளத்துக்கு இருந்தது, அதில் மாமிக்குத் தேங்காய் துருவும் திருவலைக்குப் பலகை அடித்துக் கொடுத்தேன். ராக்கையைப் பற்றி அவர் இதுவரை ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. திருவலையை மட்டும் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.